சக்கரத்தில் சுற்றிய கொடி

என் பிள்ளைக்கு, குளுவாங் தோட்டத்திலிருந்து அப்பா எழுதுவது. இது நீளமாகப் போகும். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படி. பாதியில் நிறுத்தாதே.

உன் கடிதம் நேற்று மத்தியான ரயிலில் வந்தது. தபால் பை மேசைக்கு வரும் முன்பே உன் கையெழுத்து என் கண்ணில் பட்டுவிட்டது. உறையைக் கிழித்த அவசரத்தில் கடிதத்தின் ஓரமும் சேர்ந்து கிழிந்தது. 'வரும் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் நானும் விமானத்தில் ஏறுகிறேன் அப்பா' என்ற வரிக்கு நான் போட்ட சத்தத்தில், ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையிலிருந்து நாலு பேர் கம்போடு ஓடிவந்தார்கள். ஆபீசுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தார்களாம். பாம்பு இல்லை, என் மகன் ஆகாயத்தில் பறக்கப்போகிறான் என்றேன். சாயங்காலத்துக்குள் பாசாரில் மீன் விற்கிறவர் முதல் கோயில் குருக்கள் வரை அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். கூரைத் தகரம் மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று உன் அம்மா கேலி செய்தாள். செய்யட்டும். ராத்திரிச் சோற்றில் அவள் உப்புப் போட்டாளா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு சந்தோஷம் தம்பி.

சாப்பாடு முடிந்து உன் அம்மாவுக்காகக் கடிதத்தை முதலிலிருந்து உரக்கப் படித்தேன். சந்தோஷத்தில் அதுவரை நான் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. கப்பலை உடைக்கிற டார்பிடோ விமானம் கிழக்குக் கரையில் மெர்சிங்கைத் தாண்டிக் கடலுக்குள் வெகுதூரம் போய், மிதக்கவிட்ட ஓர் இலக்கின்மேல் பொய்க்குண்டை விட்டுத் திரும்பப்போகிறது, பின் இருக்கையில் உட்கார்ந்து பெட்ரோல் எவ்வளவு செலவாகிறது என்று நீ குறிக்கப்போகிறாய், அந்தப் பெட்ரோல் தொட்டியே நீ வரைந்து கொடுத்த படத்தின்படி செய்தது. இதுவரை படிக்கும்போது என் குரல் ரேடியோப் பெட்டி மாதிரி முழங்கியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். 'மூன்று வருஷம் முன்பு நம் குளுவாங் திடலிலே இந்த விமானம் பாரத்தோடு எழும்ப முடியாமல் போனதே, அதனால்தான் பெரிய தொட்டியை எடுத்துவிட்டுச் சின்னத் தொட்டி வைத்தோம். இந்த நாட்டு வெயிலுக்கு அதன் இறக்கை போதாது என்று தெரிந்துவிட்டது. போய்த் திரும்பப் பெட்ரோல் மட்டுமட்டாக இருக்கும், ஆனால் போதும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி, அன்றைக்கு அந்த விமானம் எழும்பாமல் போனதற்கு வெயில் காரணம் இல்லை. இறக்கையும் காரணம் இல்லை. நான்தான் காரணம். மூன்று வருஷமாக மூடி வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால், என் தப்பைச் சரிக்கட்டுவதற்காக நீ வரைந்த அந்தச் சின்னத் தொட்டியை நம்பி நீயே கடல்மேல் போவாய்.

முதலிலிருந்து சொல்கிறேன், சுருக்கிச் சொல்லத் தெரியாதவன் என்று உனக்குத் தெரியும். உன்னை டிரெஸ்ஸராக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன் அல்லவா? தோட்ட ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டும் கையில் ஊசியுமாக நீ நடந்து வருவதை, நீ பிறக்கும் முன்பே நான் மனதில் வரைந்துவிட்டேன். படிப்புக்குச் சேர்க்க ஜொகூர் பாருவுக்கு நாம் மூன்று பேரும் போன நாள் நினைவிருக்கும். சேர்க்கை முடிந்ததும் தெப்ராவ் நீரிணைக் கரையில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். அப்போது நடுத்தண்ணீரில் ஒரு படகு விமானம். அடேயப்பா! வீட்டைப் போல வயிறு, அதன்மேல் இரண்டு தட்டு இறக்கை. இஞ்சின் அலறுகிறது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது, ஓடுகிறது, எழும்பவில்லை. திரும்பி வந்து மறுபடி ஓடுகிறது, மறுபடியும் எழும்பவில்லை. கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், இவ்வளவு கனத்தை எவன் செய்தான் என்று. நீ மட்டும் கச்சானைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாய்.

"தண்ணி பிடிச்சி வச்சிருக்குதுப்பா. அலையே இல்ல பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. அதான் வயிறு ஒட்டிக்கிச்சி, விட மாட்டேங்குது" என்றாய்.

நீ சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மோட்டார் படகு கிளம்பிப் போய் விமானத்தின் முன்னால் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து ஓடியது. தண்ணீர் கலங்கிச் சின்னச் சின்ன அலையாக எழுந்தது. விமானம் அந்த அலைமேல் தடதடவென்று ஓடி, ஒரு துள்ளு துள்ளி, மேலே போய்விட்டது! நான் கையிலிருந்த கச்சான் பொட்டலத்தை வீசி எறிந்து கத்தினேன். அதே விமானம், அதே கனம், அதே இஞ்சின். பிடித்திருந்த பிடி விட்டதும் பறந்தது. உனக்கு அப்போது பதினேழு வயது. அன்றைக்கே உன்னை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் என்ன செய்தேன்? மறுநாள் காலையில் உன்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். முதல் மாதத்தில் மூன்று தடவை இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாய் என்று கடிதம் வந்தது. மன உறுதி இல்லாத பிள்ளை என்று உன் அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீயாக மனு எழுதிப் போட்டு, நீயாகச் சிங்கப்பூர் போய், விமானப் பட்டறையில் படம் வரையும் வேலையில் சேர்ந்தாய். அதில் என் பங்கு என்று ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்.

நீ போய் ஆறு மாதத்தில் நம் தோட்டத்துக்குப் பக்கத்தில் விமானத் திடல் வெட்ட உத்தரவு வந்தது. விமானங்களையெல்லாம் சிங்கப்பூர்த் தீவிலேயே அடைத்து வைக்காமல் உள்நாட்டிலும் இறங்கி ஏற இடம் வேண்டுமாம். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, மண் நிரவுகிற வேலை நம் தோட்டத்திடம் வந்தது. தோட்டத்துத் துரை அதை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான என் தலையில் வைத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்! என் மகன் விமானத்துக்குப் படம் வரைகிறான், அது வந்து இறங்கும் மண்ணை நான் தயார் செய்கிறேன். காலை ஐந்தரைக்கே திடலில் நிற்பேன். களை எடுக்கும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி பாக்கியம், உனக்குத் தெரியும், காட்டுப் பன்றியையே அதட்டி விரட்டியவள். அவளும் அவள் ஆட்களும் ஒரு வேர்கூட மிச்சமில்லாமல் பிடுங்கிப் போட்டார்கள்.

பிறகு மழை வந்தது. வெறும் செம்மண் பார், ஒரே வாரத்தில் அரித்துக்கொண்டு ஓடியது. அதிகாரிகள் வந்து பார்க்க இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்தில் மண் அரிக்காமலிருக்க நாம் என்ன செய்வோம்? ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அவரைக் கொடி மாதிரி ஒரு கொடியைப் படரவிடுவோம். ஆறு வாரத்தில் பச்சைக் கம்பளம் விரித்துவிடும், எந்த மழைக்கும் மண் நகராது. இருபது வருஷமாக ரப்பர் மண்ணையே பார்த்தவன் நான், எனக்கு மண் என்றால் கொடி. விமானச் சக்கரத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விதையைத் தூவினோம். படர்ந்தது. முழங்கால் உயரம் வந்ததும் அரிவாளால் மேலாக அறுத்துக் கணுக்கால் உயரத்துக்கு வைத்தோம். அதன் அழகே அழகு! துரை வந்து பார்த்து என் தோளைத் தட்டினார், எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டேன்.

பாக்கியம் மட்டும் ஒரு நாள் அறுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். "கிராணி ஐயா, மேலதான் பச்சை. அடியில நூல் நூலா முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. எங்க கால்லயே சுத்தி இழுக்குது, அவங்க வண்டிச் சக்கரத்துல சுத்தாதுங்களா?" என்று கேட்டாள். விமானம் என்ன மாட்டு வண்டியா, போய் வேலையைப் பார் என்றேன். இப்படித்தான் சொன்னேன் தம்பி, ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த விமானம் வந்த நாளைப் பற்றி உனக்கு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், ஆனால் உண்மையில் பாதியைத்தான் எழுதினேன். வந்து இறங்கியதே ஒரு திருவிழா! நீ போன தீபாவளிக்கு வாழையிலையில் குழம்பைத் தொட்டு வரைந்து காட்டினாயே, அப்படியே இருந்தது. வேகமாகப் போவதற்காகச் செய்ததல்ல அது. ஒரு தென்னை உயரத்தில், கடலை ஒட்டி, ஆடாமல் அசையாமல் மெதுவாகப் போய், டார்பிடோவைத் தண்ணீரில் நோகாமல் விட வேண்டும், உயரத்திலிருந்து போட்டால் குண்டு முறிந்துவிடும் என்றாய். அதனால்தான் அவ்வளவு பெரிய இரட்டை இறக்கை, ஓட்டுகிறவர் முன்னால் குனிந்து பார்க்க வசதியாகச் சரிந்த மூக்கு, நடுவில் குண்டு தொங்குவதற்காகக் குறுக்குத் தண்டே இல்லாமல் தனித்தனியாக நிற்கும் இரண்டு சக்கரம். எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை அதன் ஒவ்வோர் எலும்பிலும் தெரிந்தது. பாரமில்லாமல் இறங்கியது, பாரமில்லாமல் எழும்பி ஒரு வட்டமடித்து மறுபடி இறங்கியது. கொடிமேல் இறங்கியது மெத்தைமேல் இறங்குவது போல இருந்ததாக ஓட்டி வந்த இளந்துரை சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பத்து மணி. லாரியில் வந்த டார்பிடோவை வயிற்றில் கட்டினார்கள். ஒரு மாட்டு வண்டிப் பாரம் இருக்கும். அதிகாரிகளும் துரையும் திடலின் இந்தக் கோடியில் பந்தலுக்கடியில். நானும் பாக்கியமும் அவள் ஆட்களும் அந்தக் கோடியில், மாடு எதுவும் உள்ளே வந்துவிடாமல் காவல். விமானம் எங்களை நோக்கி ஓடி வந்தது. பாரத்தில் சக்கரம் பச்சைக்குள் அழுந்தி ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். வேகம் ஏறவில்லை. பாதித் திடல் தாண்டியது, முக்கால் தாண்டியது, வால் தூக்கியது, சக்கரம் தூக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. முதலில் ஓடியது பாக்கியம். இளந்துரையை இருக்கையிலிருந்து இழுத்து இறக்கிப் புல்மேல் உட்கார வைத்தாள். அவர் கை ஒடிந்திருந்தது. வேறு யாருக்கும் பெரிய அடி இல்லை.

நான் சக்கரத்தைப் பார்த்தேன். சக்கரக் குடத்தைச் சுற்றி, கிணற்று உருளையில் கயிறு சுற்றியது மாதிரி, கட்டை விரல் கனத்துக்குக் கொடி முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு சக்கரத்திலும் அப்படியே. பந்தலிலிருந்து அவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், தூரம் இருந்தது. பாக்கியம் கீழே வைத்திருந்த அரிவாளை எடுத்து அறுத்தேன். ஒரு சக்கரத்திலிருந்து வந்ததைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன், மற்றதை வாய்க்கால் சேற்றில் மிதித்துப் புதைத்தேன். அறுக்கும்போது என்ன நினைத்தேன் என்று கேட்பாய். ஆபீஸ் நாற்காலியை நினைத்தேன். துரை தட்டிய தோளை நினைத்தேன். வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாளைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

விசாரணையில் அந்த இளந்துரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். தெப்ராவ் கரையில் உட்கார்ந்து நான் சிரித்தேனே, அதே சிரிப்பு. திடலில் கிடந்த பச்சையைக் காட்டி இது என்ன செடி என்று ஒருவர் கேட்டதற்கு, மண்ணுக்கு நல்லது ஐயா என்று பதில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அதில் உள்ள மோசம். பாரமில்லாமல் பறந்தது, பாரத்தோடு பறக்கவில்லை, வெயிலோ கொளுத்துகிறது, சூடான காற்று இறக்கையைத் தாங்காது. கணக்கு அவர்களுக்குச் சுலபமாக வந்துவிட்டது. குளிர் நாட்டுக்குச் செய்த இறக்கை இங்கே தோற்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே கொடி முழுவதையும் வேரோடு பிடுங்கச் சொல்லிக் கட்டைப் புல் பதித்தேன். எதற்கு என்று துரை கேட்டார், பார்வைக்கு அழகாக இருக்கும் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதினாய்! 'என் முதல் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது அப்பா. பாரத்தைக் குறைக்கச் சின்னத் தொட்டி. பெரியவர்கள் வரைந்ததை ஒதுக்கிவிட்டு என்னுடையதை எடுத்தார்கள்' என்று. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவன் முதல் வெற்றியைக் கெடுக்காதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது உன் வெற்றியை அல்ல, என் நாற்காலியை. உன் படத்தில் குறை இல்லை தம்பி, அதை நெஞ்சில் வைத்துக்கொள். கொடுத்த அளவுக்கு நீ அழகாகத்தான் வரைந்திருப்பாய். இல்லாத நோய்க்கு மருந்து கேட்டார்கள், நீ நல்ல மருந்தாகவே செய்து கொடுத்தாய். இப்போது அந்த விமானத்தின் நிலைமையைப் பார். பாரத்தைத் தூக்கும் இறக்கை, தூரம் போய்த் திரும்பும் பெட்ரோல் என்று இரண்டு பலத்தோடு அதைச் செய்தார்கள். முதல் பலத்தில் குறை என்று தப்பாக நினைத்து, இரண்டாவதை வெட்டிவிட்டோம். நல்லபடியாகப் பிறந்ததை நாமே ஊனமாக்கிவிட்டு, கடலுக்குள் போய்விட்டு வா என்கிறோம்.

மட்டுமட்டாக இருக்கும், ஆனால் போதும் என்கிறாய். யாருக்குப் போதும்? மெர்சிங்கிலிருந்து மீன் லாரி ஓட்டி வருகிற மனிதரை இன்று காலை பிடித்து நிறுத்திக் கேட்டேன். இந்த மாதங்களில் மேற்கிலிருந்து சுமத்ராக் காற்று திடீரென்று எழுந்து அடித்தால், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்துகூடப் படகுக்காரர்கள் கரைக்கு வர அரைநாள் படாதபாடு படுவார்களாம். நீங்கள் திரும்ப வேண்டிய திசை அந்தக் காற்றுக்கு நேர் எதிர். போகும்போது முதுகைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வரும்போது முகத்தில் அடிக்கும். அந்தச் செவ்வாய் அது அடிக்காமல் இருந்தால் போதும். அடித்தால் போதாது.

உன் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பைக்குள் திணித்த கொடியை நான் எறியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. காகிதத்தில் சுற்றி என் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இரண்டு வருஷம் முன்பு அவள் பெட்டியைத் துடைக்கும்போது அகப்பட்டது. கறுப்பு மசகு தோய்ந்து, முறுக்கிக்கொண்டு, மோதிரம் மோதிரமாக ஒரு கயிறு. எவளோ எனக்கு வசியம் வைத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்! எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்குக் கிளம்பியவளை வழி மறித்து உண்மையைச் சொன்னேன். வசியமாகவே இருந்திருந்தால் தேவலை என்றாள். நேற்று உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் என் குரல் நின்றதும், எழுந்து போய் அந்தப் பொட்டலத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் பாக்கியத்தக் கூட்டிக்கிட்டு நாளைக்கு ரயில் ஏறிடுவேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இன்று காலை முதல் வேலையாகத் துரையிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டுச் சுருட்டை நசுக்கி அணைத்தார். பழைய சங்கதி, கிளறாதே என்றார். கிளறுவேன் என்றேன். அப்படியானால் இந்த ஆபீசில் உட்கார முடியாது என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பரணிலிருந்து பெரிய பாத்திரங்களை இறக்கிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள், வீடு மாறும்போது கட்டுவதற்கு. தம்பி, நம்ப மாட்டாய், எனக்கு அப்போது ஒரு குதூகலம் வந்தது. அந்த நாற்காலியில்தான் நான் மூன்று வருஷமாக மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். பேனாவை எடுத்தால் அது தானாக ஓடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். அந்தக் கொடியை இந்தக் கடிதத்தோடு வைத்து ரயில் கார்டு கையில் நேராகக் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கைப் பிரிக்காதே. உள்பக்கம் சக்கரக் குடத்தின் அளவுக்கு வளையம் விழுந்திருக்கும், மசகும் இன்னும் போகவில்லை. உன் பட்டறையில் அதே குடம் இருக்குமே, அதில் மாட்டிப் பார்க்கச் சொல், சரியாகப் பொருந்தும். உன் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல். கொடியை அறுத்தது யார் என்று கேட்டால் தோட்டத்துக் கிராணி என்று சொல்லாதே. என் அப்பா என்று சொல். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். என்மேல் கோபம் வரும், அதுவும் தெரியும். கோபத்தைச் செவ்வாய்க்குப் பிறகு வைத்துக்கொள். சனிக்கிழமை ரயிலில் நானும் பாக்கியமும் அங்கே வருகிறோம். உள்ளே விடாவிட்டால் உங்கள் வாசலிலேயே நிற்போம். பாக்கியம் தன் அரிவாளையும் எடுத்து வருகிறேன் என்கிறாள், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கை ஒடிந்த அந்த இளந்துரை இன்னும் அங்கே எங்கேயாவது மேசை வேலையில் இருந்தால், அவரைக் கண்டுபிடித்து வை. நீங்கள் சொன்னது சரி ஐயா, பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்று அவரிடம் நான் நேரில் சொல்ல வேண்டும்.

நீ இன்னும் எத்தனையோ படம் வரைவாய். எத்தனையோ விமானம் தோற்றுவிட்டது என்று உன் மேசைக்கு வரும். அதிலிருந்து ஒன்றை வெட்டிக் குறைப்பதற்கு முன்னால், ஓடிய மண்ணைப் போய்ப் பார். மண்ணை வைத்திருக்கிற ஆளைப் பார். களை எடுக்கிற பெண்ணிடம் கேள், அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். உன்னைப் பெற்றவன் இவ்வளவையும் பார்த்தும் பார்க்காமல் இருந்தான். நீ பதினேழு வயதில் கரையில் நின்றே பார்த்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். பேச்சை மட்டும் கேட்டு அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அந்த விமானத்தை இங்கே கொண்டுவரச் சொல். பெரிய தொட்டியை மறுபடி மாட்டி, முழுக்கப் பெட்ரோல் ஊற்றி, டார்பிடோவையும் கட்டி, அதே திடலில், அதே பத்து மணி வெயிலில் ஓட்டிப் பார்க்கட்டும். இன்று மத்தியானம் நான் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வெறுங்காலால் நடந்து பார்த்துவிட்டேன். கட்டைப் புல் சிமெண்டு போலக் கிடக்கிறது, காலில் ஒரு நூல்கூடச் சுற்றவில்லை. எழும்பும் தம்பி! வாய்க்காலுக்கு வெகுதூரம் முன்பே எழும்பும். எனக்கு அதில் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். பின்னால் இரண்டு இருக்கை என்று எழுதியிருக்கிறாய். ஒன்று உனக்கு. மற்றதில் என்னை உட்கார வைக்கச் சொல். ஒரு தோட்டத்துக் கிராணியை ஏற்ற மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் கேட்டுப் பார், கெஞ்சிக் கேள். ஏற்றினால் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், அதைப் பார்த்துச் சிரிக்காதே. சக்கரம் மண்ணை விட்டதும் என் தோளைத் தட்டிச் சொல். அப்போது திறக்கிறேன்.

அப்பா